எண்ணெய் போட்ட வில்

ரெடிமேட் துணி ஆலையில் மெஷின் மெக்கானிக்காக இருந்த அந்த மனிதரை எல்லோரும் எண்ணெய்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்வதை அவரும் எப்போதோ விட்டுவிட்டார். ஓடும் தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். எங்கேயாவது ஒரு கிறீச் கேட்டால் போதும், சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பி வெளியே வந்துவிடும். சொட்டு விட்டுத் துடைத்து, சத்தம் அடங்கினால்தான் அடுத்த வரிசைக்குப் போவார். சத்தத்தை அடக்கியே காலம் தள்ளியவருக்கு வயலின் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனபின் வீடு வெறிச்சென்று கிடந்தது, அவ்வளவுதான்.

ஆசை வந்ததே தவிர, கை வரவில்லை. வில்லைக் கம்பியில் வைத்தாரோ இல்லையோ, யார் கழுத்தையோ நெரிப்பது போல ஒரு அலறல். மனைவி சமையலறையில் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏங்க, அதை விட்டுடுங்களேன். பாவம், அதுக்கும் உயிர் இருக்கும்போல இருக்கு."

வயலின் டீச்சர் அவருடைய மகள் வயசுப் பெண். முகம் கோணாமல், ஆனால் கறாராகச் சொல்லிவிட்டாள். "சார், இந்த நேரத்துக்கு ஒரு நர்ஸம்மா ரொம்ப நாளா காத்திருக்காங்க. அடுத்த வாரம் நாலு கம்பியையும் கிறீச் இல்லாம இழுத்துக் காட்டுங்க. இல்லேன்னா இடத்தை அவங்களுக்குக் கொடுத்துடுவேன்."

வேலை முடிந்து அவரால் வர முடிந்த நேரம் அது ஒன்றுதான். அது போனால் வயலினும் போச்சு.

அந்த வாரம் மனிதர் படாத பாடில்லை. தோள் வலி, கழுத்து வலி, எல்லாவற்றுக்கும் மேல் எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க இழுக்க, அதுவும் வீம்புக்குக் கத்தியது. ஒரு சாயங்காலம் வில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வில்லில் கட்டியிருந்த குதிரைமுடி நெடுக வெள்ளைப் பொடி. தேய்க்கச் சொல்லி டீச்சர் கொடுத்த பிசின் கட்டியின் பொடி. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. இவ்வளவு ஒட்டிக்கிடந்தால் எந்த மெஷின்தான் கத்தாது? இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. பொடியை ஒட்டத் துடைத்தார். வில்லுக்கு எண்ணெய் விட்டார். கம்பிக்கும் விட்டார்.

இழுத்தார். உஸ்ஸென்று வழுக்கிக்கொண்டு போனது. கோளாறு போய்விட்டது, இனி ஓட ஓட நாதம் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னிக்குத்தாங்க கேக்கற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

வகுப்பில் நர்ஸம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். இவர் நிமிர்ந்து நின்று நான்கு கம்பியையும் இழுத்தார். டீச்சர் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பிறகு வில்லை வாங்கி மோந்து பார்த்தாள்.

"என்ன சார் போட்டீங்க?"

"மெஷின் ஆயில். நல்ல ஆயில்தான்."

"வில்லு முடி கம்பியைப் பிடிச்சு இழுத்தாத்தான் சார் சத்தமே. பிடிக்கறதுக்குத்தான் அந்தப் பிசின். இனி இந்த முடியையே மாத்தணும்."

நர்ஸம்மா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண்ணெய்க்காரருக்கு அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"கிறீச் வரக் கூடாதுன்னு சொன்னீங்க. வந்துச்சா?"

"வரலை. எதுவுமே வரலை சார். வருத்தப்படாதீங்க, அடுத்த வாரத்துலேருந்து அவங்க வரட்டும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு என் நேரம் இன்னும் முடியலையே டீச்சர்?"

டீச்சர் தன் வயலினையும் வில்லையும் நீட்டினாள். வாங்கி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் கூட்டி இழுத்தார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கிறீச். நர்ஸம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. நேரம் முடிகிறவரை இழுத்துக்கொண்டே இருந்தார்.