மாதிரித் துண்டில் மஞ்சள்

சர்க்கார் விலைக்கு வாங்குவது சரக்கையா, மாதிரியையா?

சிறு தொழில்காரர்களுக்கு ஒப்பந்த விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவந்த நான், யுத்த காலத்தில் பழங்காநத்தத்து நெசவாளர் ஒருவருக்கு ராணுவ ஆஸ்பத்திரித் துண்டுகள் நெய்யும் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தேன். புதுத்துணி என்பதால் மாதிரித் துண்டின் மூலையில் அவர் மனைவி மஞ்சள் தொட்டு வைத்திருந்தார். அதை அப்படியே முத்திரையிட்டு வைத்துக்கொண்ட ராணுவக் கொள்முதல் அதிகாரி, மாதிரியிலுள்ள மஞ்சள் புள்ளி பின்னால் நெய்து அனுப்பிய சரக்கில் இல்லையென்று முழுவதையும் திருப்பியனுப்பினார். வாதாடினால் நியாயம் கிடைக்கலாம். அதற்குள் நூல் வாங்கப் பணமின்றித் தறிகள் நின்றுவிடும்.

"அம்புட்டுலயும் மஞ்சளத் தொட்டு வச்சிருவோம் தம்பி," என்றார் நெசவாளர்.

"இது ஆஸ்பத்திரிக்குப் போகுதா, கல்யாணத்துக்குப் போகுதா?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி மஞ்சளை உரசினார்.

சரக்கு ஏற்கப்பட்டது. அடுத்த ஒப்பந்தத்தில், ஒரு மூலையில் மஞ்சள் புள்ளி இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாக அச்சாகி வந்தது.