பிரேக் ஆயில் ஊற்றிய மதியம்

பாலிஷ் அக்காவுக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான் முழுதாக மடங்கும். கார் பெயின்டுக்கு மெழுகு போடுகிறவளுக்கு அது பெரிய குறை. ஆனாலும் அவளிடம் ஒருமுறை வண்டியை விட்டவர்கள் வேறு இடம் தேடிப் போனதில்லை.

பட்டறை முதலில் அவள் கணவனுடையது. கல்யாணமான புதிதில் ஒருநாள், கீழே விழுந்த துணியை எடுத்து ஒரு கதவைத் துடைத்துவிட்டாள். துணியில் ஒட்டியிருந்த மணல் பெயின்டில் கோடு போட்டது. அவன் அதே துணியை முறுக்கி அவள் வாயில் அடித்தான். உதடு கிழிந்தது.

"கீழ விழுந்த துணி செத்த துணி. தொடக்கூடாது" என்றான்.

தொழில் அவளுக்கு இப்படித்தான் வந்தது. ஐந்தாவது வருடம் ஜாக்கி நழுவி ஒரு வேன் அவன் நெஞ்சின்மேல் இறங்கியது. காலைப் பிடித்து வெளியே இழுத்தவள் அவள்தான். அழுதாயா என்று யாராவது கேட்டால், "அழுதேன். எதுக்குன்னுதான் தெரியல" என்பாள்.

அதன்பிறகு கொழுந்தன் ஆரம்பித்தான். அண்ணன் பட்டறை தம்பிக்குத்தான் என்பது அவன் கட்சி. குத்தகைப் பத்திரமோ அவள் பெயரில் இருந்தது. ஒருமுறை ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். இன்னொருமுறை தலைமுடியைப் பிடித்துத் தெருவரை இழுத்துவந்தான். போலீஸ் ஸ்டேஷனில், "குடும்ப விஷயம்மா, உள்ளுக்குள்ளயே பேசி முடிங்க" என்று இரண்டு தடவையும் அனுப்பிவிட்டார்கள்.

அன்று பட்டறையில் பல் டாக்டரம்மாவின் கறுப்புக் கார் நின்றது. கழுவி, பெயின்டில் ஒட்டிய துகள்களைக் களிமண் கட்டியால் உருவி, பாலிஷ் போட்டு, முந்தைய நாள் பெயின்டைக் காக்கும் சீலன்ட் பூசியிருந்தாள். அது இறுகியபிறகு அதன்மேல் மெழுகு. மதியம், பானெட்டில் இருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்தான். ஒரு கையில் இரும்புக் கம்பி, இன்னொரு கையில் ஒரு பாட்டில்.

"அண்ணி, பட்டறைச் சாவியக் குடுங்க."

"வேலை முடியட்டும் தம்பி. அப்புறம் பேசலாம்."

"நான் பேச வரல."

கம்பி அவள் வலது கைமேல் இறங்கியது. பானெட்டில் பள்ளம் விழவில்லை. நடுவில் அவள் கை இருந்தது. எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. கீழே விழுந்தவளை விலாவில் இரண்டு உதை உதைத்துவிட்டு, பாட்டிலைத் திறந்து காரின் கூரைமேல் கவிழ்த்தான். பிரேக் ஆயில். பெயின்டைத் தகரம்வரை தின்றுவிடும் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"இனிமே எவன் உங்கிட்ட வண்டி விடுவான்னு பாக்கறேன்."

தரையில் கிடந்தபடியே அவள் பார்த்தாள். ஆயில் பெயின்டில் பரவிப் படியாமல் துளித்துளியாக உருண்டு வழிந்தது. மேலே மெழுகு, கீழே சீலன்ட். இரண்டும் சேர்ந்து சில நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். சுவரோரம் தவழ்ந்துபோய் மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டு, இடது கையால் தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் கன்னை எடுத்தாள். அவன் ஓடிவந்து தோளில் அடித்தான். அவள் கன்னை விடவில்லை. மறுபடி அடித்தான். அவள் திரும்பி, ஒரு சாண் தூரத்தில் அவன் முகத்துக்கு நேராக அழுத்தினாள். புருவம் பிளந்தது. அலறிக்கொண்டு கண்ணைப் பொத்தி உட்கார்ந்தவன் கையிலிருந்து கம்பி நழுவியது. அதை எடுத்து அவன் முழங்காலில் அடித்தாள். அவன் சாய்ந்தபிறகு இன்னொரு தடவை அடித்தாள்.

பிறகு சோப்புத் தண்ணீரோடு காரின் பக்கம் போனாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து டயர் கடைக்காரர், ரத்தமும் நுரையுமாக நின்றவளைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு வாம்மா" என்றார்.

"அந்தப் பக்கம் இன்னும் அலசல. தண்ணிய அடிங்கண்ணே" என்றாள். அவர் அடித்தார். கூரை முழுக்க அலசி முடிந்ததும் மயங்கி விழுந்தாள்.

காரில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மங்கியிருந்தது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனபோது, டாக்டரம்மா, "வண்டி கெடக்கட்டும், மொதல்ல கையக் காட்டு" என்றார்.

கோர்ட்டில் வக்கீல் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "ரெண்டு அடியும் பயத்துல அடிச்சேன்னு சொல்லுங்க." அவள் கூண்டில் ஏறி, "மொத அடி அவனுக்கு. ரெண்டாவது என் புருஷனுக்கு" என்றாள். கொழுந்தனுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. அந்த இரண்டாவது அடிக்காக அவளுக்கும் மூன்று மாதம்.

உள்ளே இருந்து வந்த மறுவாரமே இடது கையால் மெழுகு தேய்க்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை கொழுந்தன் மனைவி வந்து பட்டறை வாசலில் காறித் துப்பினாள்.

"ஒரு கண்ணு போச்சு, காலும் போச்சு. அவரு வெளிய வந்தாலும் அவர வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே அக்கா."

அவள் தெருமுனை திரும்பும்வரை பாலிஷ் அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ சொல்றதும் நெசந்தான்" என்று டயர் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.