மடக்கிய இரண்டு விரல்கள்

ரேடியோ அக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் சொன்னதைக் கேட்டு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் எங்களுக்கு வேலை. ஒரு பக்கம் அழுக்கு மூட்டை வந்து இறங்கும், மறுபக்கம் மடித்த துணி வண்டி ஏறும். நடுவில் ஓடும் இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடக் கேட்காது. அதையும் மீறிக் கேட்ட ஒரே குரல் அக்காவுடையது. காலையில் இயந்திரத்தைப் போட்டதும் ஆரம்பிப்பாள், அது நின்றால்தான் நிறுத்துவாள். அதனால்தான் ரேடியோ. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

நானும் அவளும் ஜோடி. பெரிய ஷீட்டை ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்த முனையில் நான், அந்த முனையில் அவள். உதறி, இழுத்துப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும், பிறகு விலகிப் போய் மறுபடி இழுக்க வேண்டும். கிட்டே வரும்போதுதான் ஒருத்தி சொல்வது மற்றவள் காதில் விழும். அதனால் அக்கா தன் கோபத்தைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தாள். முன்னே ஓர் அடி வைப்பாள், முனையை என் கையில் கொடுத்துக்கொண்டே ஒரு வரி சொல்வாள், பின்னே போய்விடுவாள். நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த முனையோடு வந்து நிற்பாள். சூப்பர்வைசர், வீட்டுக்காரர், நிறுத்தாமல் போன பஸ், விட்டுவிட்டுப் போன புருஷன், எல்லாரும் அந்த ஷீட்டுக்குள் வைத்து மடிக்கப்பட்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களைச் சிரிக்க வைக்க அவள் பேசவில்லை. மூக்குக்கு மேல் வரும் கோபத்தைக் கொட்டாவிட்டால் அவளால் நிற்க முடியாது, அதனால் பேசினாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

துவைத்த ஷீட்டை ஈரத்தோடு ரோலருக்குள் விடுவோம். உள்ளே கொதிக்கும் உருளைகள். மறுபக்கம் காய்ந்து, தேய்த்தது போல வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஷீட் சுருண்டுபோய் இடித்தாலும் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் வேலை ஓடாது என்று சூப்பர்வைசர் கம்பியைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைப்பார். மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் ஓடிப்போய் மாட்டுவார். நான் லீவில் இருந்த ஒரு நாள், கம்பி சுவரில் இருந்தபோது, அக்காவின் வலது கை ரோலருக்குள் போய்விட்டது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவளை அவள் பேசவே விடவில்லை.

"ஓடி வந்து முதல்ல என்ன கேட்டான் தெரியுமாடி அந்த சூப்பர்வைசர்? 'ஷீட்ல ரத்தம் பட்டுச்சா'ன்னு கேட்டான். ஆஸ்பத்திரி ஷீட்டுடி அது. ரத்தத்தையே கண்ணால பாக்காத ஷீட்டு பாரு."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் சிரித்து, தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழாதடி. நான் படுத்திருக்கிறதும் நாம மடிச்ச ஷீட்டுதான். என் முனை ஒழுங்கா இருக்கு, உன் முனைதான் கோணல்" என்றாள். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் தம்பி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. போனில் வேகமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தான். பாவம், வேலைக்கு லீவு சொல்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பா அம்மா போன பிறகு அக்காதான் அவனைத் தூக்கி வளர்த்தாள். பகலில் ஒரு போன் கடையில் விற்பனைக்கு நிற்பான். சாயங்காலமானால் ஏதாவது ஒரு ஹாலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, காமெடி என்று உலகத்தைத் திட்டுவான். மேடையில் அவன் பெயர் மிஸ்டர் கடுப்பு. ஆரம்பத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? அவனுக்கு என்ன கடுப்பு இருக்கப் போகிறது? துவைத்த சட்டை ஆணியில் தொங்கும், சோறு தட்டில் வந்து விழும். கோபம் முழுக்க அடுப்பருகே நின்று பேசிக்கொண்டிருந்தது.

காயம் ஆறி அக்கா வேலைக்குத் திரும்பினாள். இனி ரோலர் வேண்டாம், மடிப்பு மட்டும் என்று என்னோடு விட்டார்கள். சூடான துணியைத் தொடுவதால் எல்லாரும் பருத்திக் கையுறை போட்டிருப்போம். அவள் வலது கையுறையின் காலியான இரண்டு விரல்களை உள்பக்கமாக மடித்து விட்டுக்கொள்வாள். தடுப்புக் கம்பி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தது. "என் விரல் போனது போகட்டும், அந்தக் கம்பியை மாட்ட வெக்காம நான் விட மாட்டேன்" என்று தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணைக்குக் கூப்பிடும் வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் கொடுத்தான். ஹால் நிறையக் கூட்டம். அவன் வந்ததுமே கைதட்டல். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என் கண் அவன் காலுக்குப் போனது. முன்னே ஓர் அடி, ஒரு வரி. பின்னே போவான், அவர்கள் சிரிப்பார்கள். மறுபடி முன்னே ஓர் அடி. கையில் ஒன்றுமில்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஷீட் மடிப்பதைத்தான். எதற்கு அந்த அடியை வைக்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. வீட்டில் அக்கா பேசும்போதும் அவள் கால் அப்படித்தான் போகும், அதையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்துவிட்டான்.

கடைசியில் வலது கையைத் தூக்கிக் காட்டினான். மோதிர விரலும் சுண்டு விரலும் மடக்கியிருந்தன.

"என் ரெண்டு விரலை மெஷின் தின்னுடுச்சு. ஓடி வந்தான் என் சூப்பர்வைசர். என்ன கேட்டான் தெரியுமா?"

ஹால் அதிர்ந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். மடியில் இருந்த பையின் கீழே வலது கையைச் செருகி வைத்திருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "என்னக்கா இது? கேக்க மாட்டியா அவனை?"

"என் தம்பிதானேடி. வீட்டுல இருக்கிற சட்டியை வீட்டுப் பிள்ளை எடுத்தா அது திருட்டா?"

"சட்டியை எடுத்தான் சரி. கையையும்ல எடுத்திருக்கான்."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சலவைக்கூடத்து வண்டி ஓட்டுநர்கூட அதைக் காட்டிச் சிரித்தார். பிறகு வேறொரு காமெடியன் அந்த விரல் கதையைத் தன் மேடையில் சொல்லிவிட்டானாம். நம்ம கடுப்புக்கு வந்ததே கோபம். அதற்கென்று தனியாக ஒரு வீடியோ போட்டான். "அடுத்தவன் வலியைத் திருடித் தின்னு பொழைக்கிறியே, வெக்கமா இல்லையாடா? என் கோபம் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டான். அவன் முதல்முதலாக நிஜக் கோபத்தோடு பேசியது அதுதான். அதற்கும் கைதட்டினார்கள். எடுத்துச் சொன்னவன் திருடன், உரிமையாளன் இவன் என்று முடிவாகிவிட்டது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, நீள மேசை, தலைக்கு மேலே சத்தம் போடும் மின்விசிறி. கம்பெனித் தரப்பில் வக்கீலும் சூப்பர்வைசரும் வந்திருந்தார்கள். கம்பி அன்று மாட்டித்தான் இருந்தது, அக்காவே கழற்றிவிட்டாள் என்பது அவர்கள் சொல்லும் கதை. ரோலரின் மறுபக்கம் ஷீட் வாங்கியவள் ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பி எப்போதும் சுவரில்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். "அன்னைக்கு நீங்க பார்த்தீங்களா?" என்றார் வக்கீல். லீவில் இருந்தேன் என்றேன். உட்காரச் சொன்னார்.

மிச்சம் இருந்தது அக்காவின் வாய்தான். நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு வந்தாள். சூப்பர்வைசர் ஓடி வந்ததைச் சொன்னாள். ஷீட்டில் ரத்தம் பட்டதா என்று கேட்டதைச் சொன்னபோது அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது அந்த காமெடிப் பையன் சொல்றது இல்ல?"

வக்கீல் இதற்காகவே காத்திருந்ததுபோல வீடியோவைப் போட்டுக் காட்டினார். முதலில் 'இதில் வருவதெல்லாம் கற்பனை' என்று எழுத்து வந்தது. பிறகு அக்கா சொன்ன அத்தனையும், அவள் சொன்ன வரிசையிலேயே வந்தது. "வீடியோ முன்னாடியே வந்தாச்சு. புகார்ல எழுதாததை இந்த அம்மா இப்பதான் சொல்றாங்க. எது அசல், எது நகல்னு நீங்களே பாத்துக்கோங்க சார்" என்றார்.

"அவன் என் தம்பி சார். நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவன் சொன்னான்."

அதிகாரி நல்ல மனிதர்தான். அப்படியானால் தம்பியை அழைத்து வந்து சொல்லச் சொல்லுங்கள் என்று வேறொரு நாள் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நானும் அவள் வீட்டுக்குப் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்கா இடது கையால் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "வந்து ஒரு வார்த்தை சொல்லுடா. என் அக்கா சொன்னதுதான்னு. அது போதும்."

"சொல்றேன்க்கா. இதுக்கு இவ்வளவு கேக்கணுமா?" என்றான். தட்டைப் பார்த்தே சொன்னான். அவனை நம்பக்கூடாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அவள் நம்பினாள், வளர்த்தவள் இல்லையா.

வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. வாசலிலேயே கம்பெனி வக்கீல் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். நிஜம் என்று சொன்னால் கம்பெனியைக் கேவலப்படுத்தியதற்கு வழக்கு வரும், கற்பனை என்றால் ஒரு சிக்கலும் இல்லை என்று சொல்லியிருப்பார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அக்காவுடையது என்று சொன்னால், திருடன் திருடன் என்று ஊரைக் கூட்டியவன் எந்த மேடையில் போய் நிற்பான்?

அதிகாரி கேட்டார். "நீங்க மேடையில சொல்ற அந்த விரல் கதை யாரோடது தம்பி?"

அவன் அக்காவைப் பார்க்கவில்லை.

"என்னோடது சார். எல்லாமே கற்பனைதான்."

அக்கா எழுந்தாள். அவளை அறியாமலே கால் முன்னே ஓர் அடி வைத்தது.

"டேய், கையை விரிச்சுக் காட்டுடா. உன் கற்பனையில எத்தனை விரல் இருக்குன்னு சார் எண்ணிப் பாக்கட்டும்."

அறை சிரித்துவிட்டது. வக்கீல் சிரித்தார், சூப்பர்வைசர் சிரித்தார், அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நெஞ்சு வெடித்துச் சொன்னாள் பாவி மகள், அதுவும் ஜோக்காகப் போய்விட்டது. அவள் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். விரல் போனது உண்மை, கம்பி இல்லை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள்.

அவனுக்கு அன்றைக்கும் அவள் சோறு போட்டாள். பேசவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான். சலவைக்கூடத்திலும் ரேடியோ நின்றுவிட்டது. முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாள், பின்னே போவாள். பழக்கத்தில் நான் ஒவ்வொரு முறையும் அவள் வாயைப் பார்ப்பேன். "ஏதாவது திட்டேன்க்கா" என்று ஒரு நாள் கெஞ்சினேன். "யாரோடதுன்னு கேப்பாங்கடி" என்றாள்.

போன வாரம் ரோலருக்குப் புதிதாக ஒருத்தியை எடுத்தார்கள். சிரித்த முகம். ஷீட்டை உருளைக்குள் விட்டுவிட்டு, சுருக்கம் எடுக்கக் கையையும் கூடவே கொண்டுபோகிறாள். அக்கா மடித்துக்கொண்டிருந்த முனையைப் போட்டுவிட்டு ஓடினாள். அத்தனை நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன்.

"கையை எடு. கிட்ட கொண்டு போகாத. கம்பி இல்ல பாரு, கழட்டி சுவத்துல வெச்சிருக்கான். என் ரெண்டு விரல் இதுக்குள்ளதான் போச்சு. போனப்ப ஓடி வந்து ஷீட்ல ரத்தம் பட்டுச்சான்னு கேட்டான்."

புதியவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஐயோ அக்கா, அந்த கடுப்பு காமெடிதானே? அப்படியே அவனை மாதிரியே பண்றீங்க."

அக்கா கையுறை போட்ட வலது கையை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க, விரலைக்கூட அதே மாதிரி மடக்குறீங்க" என்றாள் அவள். விளையாட்டாக, மடங்கியிருந்த சுண்டு விரலைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். வெறும் துணி தட்டையாக அவள் கையோடு நீண்டு வந்தது.

அவள் சிரிப்பு நின்றது. துணியைப் பிடித்தபடியே நின்றாள்.

"லைன் நிக்குது, அங்க என்ன பேச்சு?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

அவள் துணியை விட்டுவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்தாள். அக்கா அந்த இரண்டு விரல்களையும் மறுபடி உள்ளே மடித்துக்கொண்டு, என் எதிரே வந்து முனையைப் பிடித்தாள்.