சும்மா போனவன் கையில் மெழுகுதிரி

இந்த ஊரில் சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையிலும் மெழுகுதிரி எரிகிறது. கோயிலில் அல்ல, சாப்பாட்டு மேசையில், ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில். டென்மார்க்கின் மேற்குக் கரையில் எஸ்பியர் என்கிற துறைமுக ஊர் இது. கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கப்பலில் எனக்கு வேலை. வந்த புதிதில் பக்கத்து வீட்டு கிர்ஸ்டன் என்னைக் காப்பிக்கு அழைத்தார். மேசை நடுவே திரி எரிவதைப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தி, "யார் இறந்துபோனார்கள்?" என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யாரும் இல்லையே. வெளியே இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். பிறகு இந்த ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற அந்த வார்த்தையை எனக்கும் சொல்லிக்கொடுத்தார்: ஹூகெ. இதமாக இருப்பது, சும்மா இருப்பது. ஒரு வரமும் கேட்காமல் திரி ஏற்றலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

சைக்கிளும் இங்கே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மேகம் விலகினால் கடலோரப் பாதை முழுக்கச் சைக்கிள்கள். எங்கே போகிறாய் என்று ஒரு வாய் கேட்காது. போகிறவர்களுக்கே அது தெரியாது. நானும் பழகிக்கொண்டேன். பழகப் பழக ஒரு ஆசை முளைத்தது. நம் குமரிக் கடற்கரையையும் இப்படி ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். மேற்கே நீரோடியில் ஏறி, கிழக்கே கன்னியாகுமரியில் இறங்க வேண்டும். அவசரம் இல்லாமல், காரணம் இல்லாமல்.

காரணம் இல்லாமல் என்று எழுதிவிட்டேன். இருந்தது. போன டிசம்பரில் நான் அதே கரையிலுள்ள கடியப்பட்டணத்து வீட்டில் பையை வைத்த அன்றைக்கே ஜெசிந்தா அக்கா கேட்டுவிட்டாள். மாடியில் எனக்கென்று ஓர் அறை கட்டிப் போட்டிருக்கிறேன். 'திரும்பி வந்து இருக்கப் போகிறவன்' என்கிற பட்டத்தோடு அது பூட்டிக் கிடக்கிறது. அக்கா வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து உப்புக்காற்றைத் துடைப்பாள். இப்போது அவள் மகன் சுனிலுக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். "நீ வருவியா மாட்டியா, ஒண்ணு சொல்லு மக்கா. மாடி யாருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன். பதிலைத் தள்ளிப்போட, மெதுவாகப் போகிற சைக்கிளில்தான் போனேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

எங்கள் வீட்டில் சைக்கிள் மெதுவாகப் போனதே கிடையாது. அப்பா மீன் சைக்கிள்காரர். விடியும் முன்பே கடற்கரையில் ஏலம் எடுத்து, பெட்டியைப் பின்னால் கட்டி, ரப்பர் ஹாரனைப் பிழிந்துகொண்டே மலையடிவாரத்துக் குலசேகரம் வரை ஏறுவார். ரப்பர் மரத்தடியில் பால் வெட்டி முடித்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போகுமுன் மீன் அங்கே இருக்க வேண்டும். ஐஸ் உருகும், வெயில் ஏறும், மீன் காத்திருக்காது. அவருக்குக் கடல் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான். ஒருநாளாவது சைக்கிளை நிறுத்திக் கடலைப் பார்த்திருப்பாரா? அவருக்கும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சுனிலுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசாங்க சைக்கிளை எண்ணெய் போட்டுத் துடைத்து, மீன் டெம்போவில் ஏற்றி நீரோடி கொண்டுபோய் இறக்கினேன். டென்மார்க் பழக்கத்தில் தலைக்கவசம் வேறு. தூத்தூர், இறையுமன்துறை என்று தெங்கு நிழலும் கருங்கல் தூண்டில் வளைவுகளுமாக ஊர்கள் வந்தன. ஒரு மாதா கோயில் கோபுரம் மறையும் முன்னே அடுத்த கோபுரம் தெரிந்தது. அலை கல்லில் ஏறி உடைந்து, தூளாகி, சாலையைக் கடந்து என் உதட்டில் உப்பாக உட்கார்ந்தது. ஆற்றைக் கடந்து தேங்காய்ப்பட்டணத்தில் டீ குடிக்க நின்றேன். கடைக்காரர், எங்கள் பக்கத்தில் காக்கா என்று அழைக்கிற முஸ்லிம் பெரியவர், சைக்கிளையும் தலைக்கவசத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த நாட்டுல இருக்கிய?"

சொன்னேன்.

"அங்ஙன இருந்து வந்தும் ஒரு பைக்கு வாங்க ஒக்கலியா?"

"மெள்ளப் போகணும்னு ஆச, காக்கா."

"பைக்கையும் மெள்ள ஓட்டலாமே" என்று சொல்லி, டீயில் கூடுதலாக ஒரு கரண்டி சீனி போட்டார். பாவப்பட்டுத்தான்.

குறும்பனைக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. வலை விரித்த மணலோரத்தில் ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கன்னியாகுமரிக்கா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறியது. கன்னியாகுமரி மாதா கோயிலில் திருவிழாக் காலம் அது. கிழக்கே பார்த்து, பையோடு, மிதித்துப் போகிற ஆளுக்கு எங்கள் கரையில் ஒரே அர்த்தம்தான்: நேர்ச்சை. வேண்டுதல் இருக்கிறவன்தான் உடம்பை வருத்திக்கொண்டு போவான்.

"இல்ல பெரியவரே, நேர்ச்சை ஒண்ணும் இல்ல. சும்மா போறேன்."

"செரிதான்" என்று அவர் தலையாட்டினார். "நேர்ச்சைய வெளிய சொல்லக்கூடாது. நீங்க சொல்லாண்டாம்."

எவ்வளவுக்கு மறுத்தேனோ அவ்வளவுக்கு என் பக்தி அங்கே உறுதிப்பட்டது. பெரியவர் உள்ளே போய் ஒரு மெழுகுதிரி கொண்டுவந்தார். நேர்ச்சை போகிறவன் கையில் திரி கொடுத்துவிட்டால், கொடுத்தவர் தானே போய் ஏற்றிய மாதிரி. அதற்குள் இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். ஒரு திரி பேத்தியின் பரீட்சைக்கு, ஒன்று முட்டு வலிக்கு. வாங்காமல் நகர முடியாது. கடைசியாக வந்தவள் பெயர் மெட்டில்டா. அவள் வீட்டுக்காரர் பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் இருக்கிறார், ஊருக்கு வருவதில்லை.

"போன் எடுக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"எடுப்பாரு. நாளும் பேசுவாரு. வாரேன் வாரேன்னு சொல்லுவாரு. வராம இருக்கது அவருக்கு ஒரு தொழிலாப் போச்சு" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரியை என் கையில் வைத்து அழுத்தினாள். "மாதாகிட்ட தெளிவாச் சொல்லணும் அண்ணே. ஆள் வரணும். சாமான் வேண்டாம். தெளிவாச் சொல்லலைன்னா பெட்டி மட்டும் வந்து எறங்கும்."

அதற்குப் பிறகு சைக்கிள் கனத்தது. நாலு திரிக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது? ஆனால் கன்னியாகுமரி இப்போது போனாலும் போகலாம், போகாவிட்டாலும் ஆகலாம் என்கிற இடமாக இல்லை. குளச்சலில் ஒரு லாட்ஜில் படுத்தேன். மறுநாள் மணவாளக்குறிச்சியைத் தாண்டும்போது கரையில் கறுப்புச் சிவப்புத் தாது மணல் மின்னியது. நின்று பார்க்கத்தானே வந்தாய் என்று கேட்டுக்கொண்டேன். கால்கள் நிற்கவில்லை. அப்பாவின் கால்கள்.

கடியப்பட்டணத்தில் அக்கா பையைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "ஏலே, நீ டூருக்குப் போறியா, கோயில்பிள்ளை வேலைக்குப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். யார் எந்தத் திரி கொடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை. அன்றிரவு மாடி அறையில் படுத்தேன். அக்கா புதுத் துணி விரித்திருந்தாள். விடிந்ததும், "நீ மிதிச்சுப் போ. நான் பஸ்ல வாறேன். வருஷாவருஷம் போற கோயில்தான்" என்றாள்.

முட்டம் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். அடுத்துப் பள்ளம் என்கிற ஊர், பிறகு மணக்குடிப் பாலம். காயலும் கடலும் கலக்கிற அந்த இடத்தில் தண்ணீர் ஒரு பக்கம் அசையாமலும் ஒரு பக்கம் துள்ளிக்கொண்டும் கிடந்தது. பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு கடற்கரை முழுவதையும் மெதுவாகக் கடந்து, அதை ஒழுங்காகப் பார்க்காமல் வந்து சேர்ந்தவன் நான்.

கோயில் முற்றத்தில் அக்கா எனக்கு முன்பே வந்து நின்றாள். திரி ஏற்றுகிற மணல்தட்டில் கூட்டம். முட்டு வலிக்கும் பரீட்சைக்கும் ஏற்றினேன். பெரியவர் என்ன வேண்டுதல் என்று சொல்லவில்லை, அவருக்கும் ஏற்றினேன். மெட்டில்டாவின் திரியைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னபடியே வாய்விட்டுச் சொன்னேன்: "ஆள் வரணும். சாமான் வேண்டாம்."

பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"இது யாரு குடுத்தது?"

சொன்னேன். பஹ்ரைன், போன், வாரேன் வாரேன், எல்லாவற்றையும்.

அவள் திரியைப் பார்த்தபடி, "அந்த ஆளுக்கும் மாடி ரூம் உண்டா?" என்றாள்.

இருவரும் சிரித்தோம். "நீ எனக்காக ஏத்துவியா அக்கா?" என்று கேட்டேன்.

"முன்ன ஏத்துவேன், நீ வரணும்னு. இப்ப கொஞ்ச வருஷமா விட்டாச்சு. மாதாவ எத்தன தடவ தொந்தரவு பண்ணுக? இப்பம் போன எடத்துல நல்லா இருக்கட்டும்னு மட்டும் கேக்கேன்."

"மாடிய சுனிலுக்குக் குடுத்திரு" என்றேன்.

கேள்வி கேட்டவள் அவள்தான். ஆனால் பதில் வந்ததும் கையில் இருந்த பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "வந்தா எங்க படுப்ப?"

"கீழ, முன்னறையில."

"அப்பம் இனி விருந்துக்காரன்" என்றாள், பகடி போலத்தான். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனாள்.

தட்டில் இடம் நிறைந்துவிட்டது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை வந்து எரிந்துகொண்டிருந்த திரிகளைக் கிள்ளி அணைத்துத் தகரத்தில் போட்டார். மெட்டில்டாவினுடையது பாதிதான் எரிந்திருந்தது. முழுக்க எரியட்டுமே என்றேன். "கொளுத்தியாச்சுல்லா, மாதா பாத்தாச்சு. மத்தவங்களுக்கும் எடம் வேணும்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் தகரத்துக்குள் கைவிட்டு அந்தப் பாதியை எடுத்துக்கொண்டேன்.

அது இப்போது எஸ்பியரில், என் மேசையில் இருக்கிறது. போன வாரம் கிர்ஸ்டன் காப்பிக்கு வந்தார். மதியம் கழிவதற்குள் ஜன்னலில் இருட்டு வந்து ஒட்டிக்கொண்டது. என் வீட்டு அலமாரி அவருக்குப் பழக்கம். கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டுத் தீப்பெட்டியை உரசி அந்தப் பாதித் திரியின் பக்கம் கொண்டுபோனார்.

"அதை வேண்டாம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் தீக்குச்சியை ஊதி அணைத்தார். என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "யார் இறந்துபோனார்கள்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை. ஒரு ஆள் வர வேண்டியிருக்கிறது" என்றேன். எனக்குத் தெரிந்த டேனிஷில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கிர்ஸ்டன் முகம் தெளிந்தது. "அப்படியா" என்று எழுந்து போய், இன்னொரு கோப்பை கொண்டுவந்து, காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு கரண்டியும் வைத்தார். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, காப்பி ஆறும் வரை, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.