தலை தெரியாத கல்

பாத்திரம் தேய்ப்பது கணவர் வேலை. கல்லைத் தேய்ப்பது அவள் வேலை. நிலவியல் அலுவலகக் குழாயில் கலங்கல் தண்ணீர் என்று, ஆழ்துளையிலிருந்து எடுத்த கல்லுருளைகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். பழைய பல்துலக்கியால் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலச் சேறு நீக்குவாள்.

பிறகு சொட்டுமருந்துக் குப்பியில் வைத்திருக்கும் அமிலத்தில் ஒரு துளி. "பொங்குதா? அது கடலோட பங்கு, சிப்பிச் சுண்ணாம்பு. சும்மா கெடக்கிறது ஆறு கொண்டாந்த மணலு." சந்தேகம் வந்தால் ஒரு சில்லை முன்பல்லில் வைத்துக் கடிப்பாள்; நறநறத்தால் மணல். மாமியாருக்குப் பொறுக்காது. "ஊரே சோத்துல கல்லு கெடந்தா துப்பும். இவ தேடிப் போயி கடிக்கிறா!"

எந்தக் கல்லிலும் அவள் முதலில் தேடுவது அம்புக்குறியை. துளையிலிருந்து வெளியே வந்த கையோடு மைப்பேனாவால் அவளே போடுவது. அம்பு பார்க்கும் முனை மேற்பக்கம். அவள் பாஷையில் தலை. அடியில் இருப்பதுதான் முதலில் படிந்தது. தலை தெரிந்தால்தான் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் ஆற்றுமணல்மேல் கடல் ஏறியதா, கடல்மேல் மணல் வந்து மூடியதா என்று சொல்ல முடியும். அடுத்த துளையை எங்கே போடுவது என்பதும் அதை வைத்துத்தான். நாளைக் காலை ஒரு கல்லை வைத்து அவள் அதைச் சொல்லியாக வேண்டும், முதன்முறையாகத் தன் பெயரில்.

இன்று சாயங்காலம், உதவுவதாக நினைத்துக் கணவர் அந்தக் கல்லையும் கம்பிநாரால் பளபளவென்று தேய்த்துவிட்டார். அம்பு போன இடம் தெரியவில்லை.

லென்ஸோடு உட்கார்ந்துவிட்டாள். அலை புரட்டிப் போட்ட சிப்பி பெரும்பாலும் கவிழ்ந்துதான் படியும். அதை வைத்தாவது தலையைக் கண்டுபிடிக்கலாம். இந்தக் கல்லில் பாதி கவிழ்ந்திருந்தது, பாதி மல்லாந்திருந்தது. கல்லைத் திருப்பினாள். அப்போதும் அதே கதைதான்.

"எப்பவும் ஒண்ணு ரெண்டு சிப்பியாவது எது தலைன்னு சொல்லுமே..." என்று முணுமுணுத்தாள்.

கணவர் அருகில் வந்தார். "இந்தா, இந்த மழுங்கின முனையைப் பாத்துத்தான் அம்பு இருந்துச்சு. எழுது."

அவள் மைப்பேனாவின் மூடியைக் கழற்றினாள். கை கல்லுக்கு மேலேயே நின்றது.

"ஏங்க, பாத்தீங்களா? இல்ல, நெனைக்கிறீங்களா?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு, அறையைவிட்டு வெளியே போனார்.