காலடியால் அளந்த கூடம்

ஸ்ரீரங்கமா, திருவானைக்கோவிலா என்று வீடு தேடத் தொடங்கி இன்றோடு ஏழு மாதம் பதினோரு நாள் ஆகின்றன.

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் பார்த்த வீடு எனக்குப் பிடித்திருந்தது. மனைவியோ கூடத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா அளக்கறே?" என்றான் மகன்.

"வைகுண்ட ஏகாதசிக்கு உங்கப்பா வழி சொந்தம் மொத்தமும் இங்கதான்டா வந்து படுக்கும். எத்தனை பாய் கொள்ளும்னு பாக்கறேன்."

அத்துடன் திருவானைக்கோவில் என்று முடிவாயிற்று. உண்மையில் எனக்கும் நிம்மதிதான்.

மாலையில் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஆனைக்கோவிலா? ரொம்ப நல்லதாப் போச்சுண்ணா! ஏகாதசிக்கு அங்கேர்ந்து நடந்தே போயிடலாம். நாங்க ஒம்பது பேர் வரோம்!"

மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் எழுதவும்.