உமிப் புகையும் றாபியாவின் கண்ணீரும்

கல்முனைக்குடியில் றாபியாவைப் போல் புருசனுக்காக அழுத பெண் இல்லை என்று ஊரே சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகும். உள்ளே போய் இருந்து பார்த்ததா?

ஐம்பத்தாறாம் ஆண்டு அச்சிமுகம்மது காய்ச்சலில் மௌத்தானான். மனைவி றாபியா, புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்தாள். வெள்ளைச் சீலை, உள்ளறை, ஜன்னலை மூடிய போர்வை. இத்தா முடியும்வரை அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது, அவள் குரலும் அவன் காதில் விழக்கூடாது. மாமியார் ஆமினா உம்மா வாசலில் காவல்.

அந்த நேரம் பார்த்துத்தான் செபரட்ணம் வந்தார். கொழும்பில் எரிபொருள் ஆராய்ச்சி செய்கிற பாண்டிருப்புக்காரர். காற்றை அளவாக விட்டால் உமியோடு அதன் புகையும் சேர்ந்து எரிந்துவிடும் என்பது அவருடைய கட்சி. விறகு மிச்சம் என்றதும் ஆமினா உம்மா நெல் அவிக்கும் அடுக்களையை அவருக்குத் திறந்துவிட்டாள். அவர் தகர அடுப்பொன்றை வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். துணி எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு புகை என்பது கணக்கு.

துணி கறுக்கவே இல்லை. மனிதருக்கு வாயெல்லாம் பல். கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு மேலால் கடற்காற்று புகை முழுவதையும் உள்ளறைக்குள் தள்ளியதை அவர் எங்கே கண்டார்! அங்கே றாபியா இருமினாள். கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்து ஒழுகின.

"உள்ளுக்கு ஆரு உம்மா இருமுற?" என்று கேட்டார் செபரட்ணம்.

"என்ட மருமகள். மகன நெனச்சி அழுறாள்," என்றாள் ஆமினா உம்மா, கொஞ்சம் பெருமையோடு.

துக்கம் கேட்க வந்த பெண்களும் அந்தக் கண்ணைக் கண்டு உருகினார்கள். புகை என்று அவள் சொன்னால், அப்போ அழவில்லையா என்பார்கள். உண்மையில் றாபியாவுக்கு அழுகை வரவே இல்லை. புருசன் போன அன்றே உள்ளே எல்லாம் மரத்துப்போய்விட்டது. அதை யாரிடம் சொல்ல?

மூச்சு முட்டியபோது பொறுக்கமுடியாமல், முகம் துடைத்த வெள்ளை முந்தானையைக் கிழித்துக் கதவிடுக்கால் வெளியே தள்ளினாள். செபரட்ணம் எடுத்துப் பார்த்தார். சட்டிக்கரி துடைத்தது போல் இருந்தது. நிமிர்ந்து நடுச்சுவரைப் பார்த்தார், விளங்கிவிட்டது.

"உம்மா, இது அழுகை இல்ல. புகையெல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான் போயிருக்கு. ஜன்னலத் திறங்க."

இத்தா வீட்டில் ஜன்னலாவது, திறப்பதாவது! அடுப்பைத்தான் அணைத்தார்கள். நீளக் குழாயொன்று செய்துகொண்டு வருகிறேன் என்று செபரட்ணம் அடுப்பை அங்கேயே விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். றாபியா நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

ஆமினா உம்மா எதிரே வந்து உட்கார்ந்து, மருமகளின் காய்ந்த கண்ணையே பார்த்தாள்.

"அப்ப என்ட மகனுக்காக நீ ஒரு சொட்டும் அழல்லையா புள்ள?"

றாபியா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டாள். அதன்பிறகு வந்த பெண்களும் அவள் கண்ணைப் பார்த்தார்கள், வாசலில் நின்று குசுகுசுத்தார்கள். அவர்கள் போனதும் றாபியா மாமியைக் கூப்பிட்டாள்.

"அந்த அடுப்ப மூட்டுங்க மாமி," என்றாள்.